வாய்ப்புண்ணும் குடல் அழற்சியும்: எது எங்கிருந்து வருகிறது?

வாயில் ஒரு புண் வந்தால் நம் வீடுகளில் முதலில் விழும் சொல் 'சூடு'. அடுத்தது, "வயித்துல புண் இருக்கும், அதான் வாயில தெரியுது." அப்புறம் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் வரும். இரண்டு நாளில் அடங்கவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு பட்டை பி காம்ப்ளெக்ஸ். சாதாரண வாய்ப்புண் எதுவுமே செய்யாவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். அதனால் கடைசியாக எதைச் சாப்பிட்டோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

இந்த 'வயித்துப் புண்' பேச்சு பெரும்பாலும் தவறு. நாம் அல்சர் என்று சொல்கிற இரைப்பைப் புண் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாலோ, வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவதாலோ வருவது. அது தொண்டை ஏறி வாய்க்கு வருவதில்லை. ஆனால் ஒரு நோய்க் குடும்பத்தில் பாட்டி சொன்னது நிஜமாகவே பலிக்கிறது. குடலில் இருக்கும் அதே நோய் வாயிலும் இருக்கும். சிலருக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் தொடங்காத முன்பே வாயில் தெரிந்துவிடும். அதுதான் குடல் அழற்சி நோய். மருத்துவர்கள் சுருக்கமாக ஐபிடி என்பார்கள்.

ஐபிடி வேறு, ஐபிஎஸ் என்கிற எரிச்சல் குடல் நோய் வேறு. பரீட்சை நாளில் காலையில் வயிறு கலக்கி நாலு முறை ஓட வைப்பது ஐபிஎஸ். அதில் குடலின் இயக்கம்தான் தாறுமாறாகிறது, உள்ளே புண் எதுவும் இருக்காது. ஐபிடியில் நம் நோய் எதிர்ப்பு அமைப்பே குடலின் சுவரைத் தாக்குகிறது. உள்ளே வீக்கம், புண், ரத்தக் கசிவு எல்லாம் உண்டு. ஒருமுறை வந்தால் பல வருடங்கள் கூடவே இருக்கும். அடங்கும், திரும்பக் கிளம்பும்.

இதில் இரண்டு பெரிய வகைகள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலில் மேலே மேலே பரவும். குடல் சுவரின் உட்படலத்தோடு நின்றுவிடும். இன்னொன்று கிரோன் நோய். இது விட்டுவிட்டு, அங்கொரு திட்டு இங்கொரு திட்டாக வரும். சுவரின் முழு கனத்தையும் ஊடுருவும். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த மூன்று மருத்துவர்கள் 1932இல் இதை விவரித்தார்கள்: கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர். ஆங்கில அகரவரிசையில் பெயர் போட்டதால் கிரோன் முதலில் வந்தார், நோய்க்கும் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. அவர்கள் அன்று எழுதியது சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பற்றி மட்டும்தான். வாயிலும் இது வரும் என்ற பேச்சு மருத்துவ இதழ்களுக்கு வர 1960களின் கடைசி ஆகிவிட்டது. இன்றைக்கு எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும், கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம் என்றுதான் எழுதியிருக்கும்.

சரி, ஐபிடி உள்ள ஒருவருக்கு வாயில் புண் வந்தால் அது மூன்று வழிகளில் வந்திருக்கலாம். நோயே வாய்க்கு வந்திருக்கலாம். நோயால் உடம்பில் ஏற்பட்ட சத்துக் குறைவு வாயில் தெரியலாம். நோய்க்காகச் சாப்பிடும் மருந்தே புண்ணைக் கொடுத்திருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இந்தப் பிரிப்பு மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

நோயே வாயில் இருக்கும்போது

ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று கன்னத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். உட்பக்கம் வழுவழுவென்று ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். கடைவாய்ப் பக்கம் பல் கடித்த வெள்ளைக் கோடு ஒன்று இருந்தால் அதுவும் சகஜம்தான். வாயில் கிரோன் நோய் உள்ளவருக்கு இதே இடம் கூழாங்கல் பதித்த தரை மாதிரி இருக்கும். சின்னச் சின்ன மேடுகள், இடையிடையே பள்ளமான கோடுகள். நாக்கால் தடவினாலே மேடு பள்ளம் தெரியும். வலி இருக்க வேண்டும் என்பதில்லை; அதனால்தான் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

அடுத்து, கன்னமும் ஈறும் சேரும் இடத்தில் ஒரு வாய்க்கால் மாதிரிப் பள்ளம் உண்டல்லவா, அங்கே கத்தியால் கீறினாற்போல் நீளமான புண் வரும். அதன் இரண்டு கரையிலும் சதை மடிப்பு மடிப்பாகத் தடித்து எழும்பி நிற்கும். பொருந்தாத பல்செட்டைப் பல வருடம் போட்டுக்கொண்டிருக்கும் வயதானவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரி மடிப்பு வரும். எல்லாப் பல்லும் ஒழுங்காக இருக்கிற 18 வயதுப் பையனின் வாயில் அதைப் பார்த்தால் பல் மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

உதடு இன்னொரு அடையாளம். குளவி கொட்டினாலோ மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டாலோ உதடு வீங்கும், ஓரிரு நாளில் வற்றிவிடும். இந்த வீக்கம் அப்படி இல்லை. முதலில் வந்து வந்து போகும், பிறகு போகாமலே நின்றுவிடும். தொட்டால் ரப்பர் போலக் கெட்டியாக இருக்கும். நடுவில் செங்குத்தாக வெடிப்பு விழும். பனிக்காலத்து உதடு வெடிப்பு என்று வெண்ணெய் தடவிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஈறும் சில பேருக்குச் சிவந்து, தடித்து, மணல் தூவியது போல ஆகிவிடும். எத்தனை முறை பல் சுத்தம் செய்தாலும் அந்தச் சிவப்பு இறங்காது.

வாயில் வரும் இந்த வகை மாற்றங்கள் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் அதிகம். குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை, எடை ஏறவில்லை, வகுப்பில் எல்லோரையும்விடக் குட்டையாகவே இருக்கிறது, அடிக்கடி வயிறு வலிக்கிறது, உதடும் வீங்குகிறது என்றால் இவற்றை ஐந்து தனித்தனிப் பிரச்சினைகளாக ஐந்து மருத்துவர்களிடம் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரே நூலில் கோத்துப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் சிறு துண்டு சதை எடுத்து பயாப்சி பார்ப்பார்கள். நுண்ணோக்கியில் கிரானுலோமா என்ற செல் கொத்துகள் தெரியும். இங்கேதான் நம் ஊருக்கே உரிய சிக்கல் வருகிறது. காசநோயிலும் கிரானுலோமா வரும். குடலுக்கும் காசநோய் வரும், அபூர்வமாக வாய்க்கும் வரும். இந்தியாவில் கிரோன் நோயா குடல் காசநோயா என்று பிரித்துச் சொல்வது அனுபவமுள்ள மருத்துவர்களுக்கே தலைவலி. ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேண்டும், மற்றதற்கு அதே மருந்து ஆபத்து. அதனால் பரிசோதனை மேல் பரிசோதனை எழுதுகிறாரே என்று மருத்துவர் மேல் கோபப்பட வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. உதடு வீங்கும், கன்னம் கூழாங்கல் போலாகும், பயாப்சியிலும் கிரானுலோமா வரும், ஆனால் குடலைத் தேடிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இதற்கு 1985இல் ஓரோஃபேசியல் கிரானுலோமடோசிஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். இவர்களில் சிலருக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, சில வருடம் கழித்துக் குடலில் கிரோன் தலைகாட்டும். ஆகவே 'குடல் நன்றாக இருக்கிறது' என்ற ரிப்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடாமல், அவ்வப்போது காட்டிக்கொண்டே இருப்பது நல்லது.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடல் நோய் என்றாலும் வாயை முழுக்க விட்டுவிடுவதில்லை. பயோஸ்டொமடைட்டிஸ் வெஜிடன்ஸ் என்று ஒன்று உண்டு. பெயர் வாயில் நுழையாது, வியாதி நுழையும். ஈறிலும் உதட்டின் உட்புறத்திலும் கடுகளவு மஞ்சள் கொப்புளங்கள் கூட்டமாக வந்து உடைந்து, நத்தை ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து போகும். பார்க்கக் கோரமாக இருக்கும், ஆனால் வலி அந்த அளவுக்கு இருக்காது. மிக அரிது. ஆனால் இதைக் கண்டால் குடலைப் பார்க்காமல் விடவே கூடாது.

சாதாரணப் புண்ணும் சத்துக் குறைவும்

மேலே சொன்னவை எல்லாம் அபூர்வமானவை. ஐபிடி உள்ளவர்களுக்கு அதிகம் வருவது நாம் எல்லோரும் அறிந்த அஃப்தஸ் புண்தான்: வட்டமாக, நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை, சுற்றிச் சிவப்பு வளையம், புளிக்குழம்பு பட்டால் உயிர் போகும். பார்வைக்கு இது உங்களுக்கும் எனக்கும் வருகிற புண் போலவேதான் இருக்கும். குடல் கொந்தளிக்கும்போது புண்ணும் அதிகமாகும், குடல் அடங்கினால் புண்ணும் அடங்கும் என்பதுதான் வித்தியாசம். அதனால் மாதம் ஒரு வாய்ப்புண் வருகிறவர்கள் எல்லாம் தனக்கு கிரோன் என்று பயந்துவிட வேண்டாம். தூக்கமின்மை, மனக்கவலை, கூரான பல், பிரஷ் இடித்தது, வீட்டில் எல்லோருக்கும் வருகிற வழக்கம் என்று ஆயிரம் காரணம் இருக்கிறது.

அடுத்தது சத்துக் குறைவு. குடல் புண்ணிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போவதால் இரும்புச் சத்து குறையும். வைட்டமின் பி12 நம் உடம்பில் உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. கிரோன் நோய்க்கு மிகப் பிடித்த இடமும் அதேதான். ஃபோலிக் அமிலம், துத்தநாகம் இவையும் குறையலாம்.

இது நாக்கில் தெரியும். நல்ல நாக்கு டர்க்கி டவல் போலச் சொரசொரப்பாக இருக்கும். சத்துக் குறைந்த நாக்கு அந்தச் சொரசொரப்பை இழந்து, வழித்துவிட்டது போலச் சிவந்து பளபளக்கும். மிளகு ரசம்கூட நெருப்பாக இருக்கும். கூடவே உதடுகள் சேரும் ஓரங்கள் இரண்டும் வெடித்து, கொட்டாவி விட்டாலே ரத்தம் வரும்.

"அப்படியானால் பி காம்ப்ளெக்ஸ் சாப்பிடுவது சரிதானே?" என்று கேட்கலாம். பாதிதான் சரி. உறிஞ்சுகிற இடமே கெட்டிருந்தால், அல்லது அறுவை சிகிச்சையில் அதை வெட்டி எடுத்திருந்தால், விழுங்கும் மாத்திரையின் பி12 பெரும்பாலும் உடம்பில் சேராமலே வெளியே போய்விடும். அவர்களுக்கு ஊசியாகத்தான் போட வேண்டியிருக்கும். எது குறைகிறது என்று ரத்தத்தில் பார்த்துவிட்டுக் கொடுப்பதே முறை.

மருந்து கொடுக்கும் புண்

இதைப் பற்றி நோயாளிகளிடம் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை. கிரோனுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுப்பதுண்டு. அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்கும் மருந்து. மாத்திரை என்றாலே தினம் ஒன்று என்று பழகிய கை தவறித் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதன் முதல் எச்சரிக்கைகளில் ஒன்று வாய் முழுக்கப் புண் வருவது. சரியான அளவில் எடுத்தாலும் சிலருக்குப் புண் வரும். அதைத் தணிக்கத்தான் கூடவே ஃபோலிக் அமிலம் எழுதித் தருகிறார்கள். அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை வெறும் சத்து மாத்திரைதானே என்று நிறுத்திவிடாதீர்கள்.

சல்ஃபாசலசின் என்ற இன்னொரு குடல் மருந்து ஃபோலிக் அமிலத்தைச் சரியாக உறிஞ்ச விடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோப்ரின் வெள்ளை அணுக்களை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டால் புண்ணும் காய்ச்சலும் சேர்ந்து வரும். அந்த நிலையில் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கும்போது தயிர் ஒட்டியது போல வெள்ளைத் திட்டுகள் வந்து, துணியால் துடைத்தால் உரிந்து கீழே சிவப்பாகத் தெரிந்தால் அது கேண்டிடா என்ற பூஞ்சை. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது இரும்பை நக்கியது போன்ற ருசி வரும்; மருந்து முடிந்ததும் அது தானே போய்விடும்.

என்ன வைத்தியம்?

நோயே வாயில் இருக்கிறது என்றால் குடலை அடக்குவதுதான் முதல் வைத்தியம். ஸ்டீராய்டு குறுகிய காலத்துக்கு, பிறகு அசாதியோப்ரின் போன்றவை, தேவைப்பட்டால் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஊசிகள். இந்த ஊசிகளுக்கு முன் உறங்கிக் கிடக்கும் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். கிரோன் உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் சாதாரணச் சாப்பாட்டை முழுக்க நிறுத்தி, மருத்துவ ஊட்டச்சத்துத் திரவத்தை மட்டுமே கொடுக்கும் முறையும் நன்றாக வேலை செய்கிறது. இட்லி தோசை வாசனை வரும் வீட்டில் ஒரு பிள்ளையை அப்படி இரண்டு மாதம் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தனிக் கதை.

அதுவரை வாய் எரியாமல் இருக்க வேண்டுமே. அதற்கு மேல்பூச்சு மருந்துகள் இருக்கின்றன. டிரையாம்சினலோன் 0.1% பேஸ்ட் அதிகம் எழுதப்படுவது. இதைப் பூசுகிற விதத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். விரலால் தேய்த்தால் மருந்து மணல் மணலாகத் திரிந்து கையோடு வந்துவிடும். சாப்பிட்டு வாய் கொப்பளித்தபின், சுத்தமான பஞ்சால் புண்ணின் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, கடுகளவு பேஸ்டை மேலே வைத்து லேசாக ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. வழுவழுவென்று ஒரு படலம் படிந்தால் சரியாக ஒட்டிவிட்டது என்று அர்த்தம். படுக்கப் போகும் முன் பூசினால் ராத்திரி முழுக்க நின்று வேலை செய்யும்.

புண்கள் பல இடத்தில் பரவியிருந்தால் ஸ்டீராய்டு கலந்த கொப்பளிக்கும் மருந்து தருவார்கள்; வாயில் வைத்திருந்து துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. சாப்பிடவே முடியாத வலிக்கு மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஜெல்லைச் சாப்பாட்டுக்குச் சற்று முன் தடவலாம். குளோர்ஹெக்சிடின் கிருமியைக் குறைக்கும், ஆனால் தொடர்ந்து வாரக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், டீ காபி குடிப்பவர்களுக்குச் சீக்கிரமே. பல் தேய்த்த உடனே கொப்பளித்தால் பற்பசையின் நுரை இதன் பலனைக் குறைத்துவிடும், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். கேண்டிடாவுக்கு க்ளோட்ரிமசோல் மௌத் பெயின்ட். வற்றாத உதட்டு வீக்கத்துக்கு உதட்டிலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு. ஊசி சுருக்கென்றிருக்கும் என்பதால் முதலில் மரத்துப்போக வைப்பார்கள்.

உதட்டு வீக்கக்காரர்களுக்கு இங்கிலாந்து மருத்துவமனைகளில் தரும் ஒரு பத்தியம் எனக்கு ஆச்சரியம் தந்தது: இலவங்கப்பட்டையும், உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சோயேட்டும் இல்லாத சாப்பாடு. இவை இரண்டும் சிலருக்கு வீக்கத்தைக் கிளப்பிவிடுகின்றன. நிறுத்தினால் கணிசமானோருக்குக் குறைகிறது. நம் சமையலில் பட்டையை ஒதுக்குவது என்றால் பிரியாணி, குருமா, கரம் மசாலா எல்லாம் போயிற்று. பென்சோயேட்டைக் கண்டுபிடிக்கப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் 211 என்ற எண்ணைத் தேட வேண்டும். சாஸ், பாட்டில் ஊறுகாய், கலர் குளிர்பானம் இவற்றில் சாதாரணமாக இருக்கும். சில பற்பசைகளிலும் பட்டை வாசனை சேர்ப்பார்கள். ஏற்கெனவே எடை குறைந்த குழந்தைக்கு இந்தப் பத்தியத்தை நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள், உணவியல் நிபுணர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மணத்தக்காளிக் கீரையைப் பற்றி எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் கிரோன் நோயில் குடல் சுருங்கிப்போனவர்களுக்கு நார் மிகுந்த கீரை அடைத்துக்கொள்ளலாம், அவர்கள் மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். புண்ணில் உப்பையும் படிகாரத்தையும் வைத்துத் தேய்ப்பது வைத்தியமே அல்ல.

பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

ஐபிடி இருப்பதை பல் மருத்துவரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பல்லுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடுகிறோம். பல் பிடுங்கியதும் வழக்கமாகத் தருகிற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அடங்கியிருந்த குடல் நோயைக் கிளப்பிவிடலாம். பாராசிட்டமால் போதும் என்றால் அதுவே நல்லது. ஆன்டிபயாட்டிக் தேவையா என்றும் யோசித்துத் தர வேண்டும். குடலின் நல்ல கிருமிகள் அழிந்தால் கெட்ட கிருமி பெருகி வயிற்றுப்போக்கு கிளம்பும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுக்கிறவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே மாதிரி, வாயைப் பார்த்துவிட்டுப் பல் மருத்துவர் "மோஷன் எப்படிப் போகிறது?" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். நாலு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தமோ சளியோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு அவசரம், காரணமில்லாத எடைக் குறைவு, ஆசனவாய்ப் பக்கம் சீழ் வடியும் பவுத்திரம், மூட்டு வலி, இவற்றில் ஏதாவது வாய்ப்புண்ணோடு சேர்ந்திருந்தால் குடல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் முதலில் மலத்தில் கேல்ப்ரொடெக்டின் அளவைப் பார்க்கச் சொல்லலாம்; குடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதம் அது. அது அதிகமாக இருந்தால் கொலனோஸ்கோப்பி, அதாவது கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது.

ஐபிடியே இல்லாவிட்டாலும், மூன்று வாரத்தில் ஆறாத ஒற்றைப் புண்ணை யாரும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. புகையிலை, வெற்றிலை பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் அந்த மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அது வேறு நோயாக இருக்கலாம்.

ஒரு சின்ன உபாயம். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற நாளுக்குள் பாதிப் புண்கள் ஆறிவிடும், மருத்துவர் முன் வாயைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. அதனால் புண்ணோ வீக்கமோ வரும்போதே ஜன்னல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் வயிறு எப்படி இருந்தது, புதிதாக என்ன மாத்திரை தொடங்கினீர்கள் என்று இரண்டு வரி கூடவே எழுதிவிடுங்கள். மூன்று வழிகளில் எது என்று மருத்துவர் கண்டுபிடிக்க அந்தப் படமும் அந்த இரண்டு வரியும் பெரிய உதவி.